ஒரே பால், இரண்டு தேதி

கொஞ்சம் நீண்ட இழை இது. காபி போட்டுக்கிட்டு வந்து உட்காருங்க. பால் நல்லா இருக்கான்னு பார்த்துட்டுப் போடுங்க.

2010 வரைக்கும் நியூயார்க் வட்டாரத்தில் விற்ற பல பால் பெட்டிகளில் இரண்டு தேதி அச்சாகியிருக்கும். ஒன்று, நியூயார்க் நகர எல்லைக்குள் விற்பதற்கான கடைசி நாள். இன்னொன்று, நகருக்கு வெளியே விற்பதற்கான கடைசி நாள். வெளியூர்த் தேதி சில நாட்கள் தள்ளியே இருக்கும்.

ஒரே பண்ணை, ஒரே டேங்க், ஒரே பெட்டி. ஹட்சன் ஆற்றுக்கு இந்தப் பக்கம் நின்றால் அந்தப் பால் பழசு. பாலத்தைத் தாண்டி நியூ ஜெர்சிக்குள் போய்விட்டால் திரும்பவும் புதுசு!

2010-ல் நகரின் சுகாதார வாரியம் அந்தத் தனி விதியை எடுத்துவிட்டது. ஆனால் இந்த மாதிரி கூத்து அமெரிக்காவில் இன்னும் முடியவில்லை. மொன்டானா மாநிலத்தில் பாஸ்டுரைஸ் செய்து 12 நாளுக்கு மேல் பாலை விற்கக்கூடாது என்று விதி. மற்ற பல மாநிலங்களில் அதே மாதிரிப் பால் இரண்டு மூன்று வாரம் வரைக்கும் கடையில் இருக்கும்.

அப்போ அந்தத் தேதி உண்மையில் எதைச் சொல்லுது?

இதை ஏன் ஒரு டாக்டர் எழுதுறேன்னு கேட்பீங்க. "சார், பாக்கெட்ல தேதி நேத்தோட முடிஞ்சிருச்சு, குழந்தைக்குக் கொடுக்கலாமா?" என்று வாரத்துக்கு ஒருவராவது கேட்கிறார்கள். அதே ஆட்கள், தேதி முடியாத பாக்கெட்டைக் காலையிலிருந்து சமையல் மேடையிலேயே வைத்திருப்பார்கள். அதைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

பால் கெட்டுப் போச்சா என்பது ஒரு கேள்வி. பால் நம்மை நோயாளி ஆக்குமா என்பது வேறு கேள்வி. இரண்டையும் ஒரே கேள்வியாக நினைத்து உலகம் நிறையக் குழந்தைகளைப் பறிகொடுத்திருக்கிறது. அந்தக் கதையைச் சொல்லாமல் தேதி விஷயம் புரியாது.

1800-களின் நடுப்பகுதி. நியூயார்க் வேகமாக வளர்கிறது. மேய்ச்சல் நிலம் தூரமாகப் போய்விட்டது. ரயிலில் ஐஸ் வைத்துப் பால் கொண்டுவரும் ஏற்பாடெல்லாம் இன்னும் சரியாக வரவில்லை. ஆனால் ஊருக்குள் சாராய ஆலைகள் இருந்தன. தானியத்தைப் புளிக்கவைத்து வடித்தபின் மிஞ்சுகிற சூடான கழிவை என்ன செய்வது? ஆலையை ஒட்டியே தொழுவம் கட்டி, மாடுகளுக்கு அதையே ஊற்றினார்கள்.

மாடுகள் வாழ்நாள் முழுக்க ஒரே இடத்தில் கட்டப்பட்டுக் கிடந்தன. வெளிச்சம் இல்லை, நடை இல்லை. பல்லு விழுந்து, வால் அழுகி, உடம்பெல்லாம் புண்ணோடு நின்ற மாடுகளிடமும் பால் கறந்தார்கள். அது நீலம் பாய்ந்த, தண்ணியான பால். அதில் மாவு, சுண்ணாம்புத்தூள் மாதிரிச் சமாச்சாரங்களைக் கலந்து கெட்டியாக்கி, "கிராமத்துச் சுத்தமான பால்" என்று வண்டியில் எழுதி விற்றார்கள். அந்த விளம்பர வாசகம் எங்கேயோ கேட்ட மாதிரி இருக்குல்ல?

ராபர்ட் ஹார்ட்லி என்பவர் 1842-லேயே இதைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. 1858-ல் ஃபிராங்க் லெஸ்லி தன்னுடைய படப் பத்திரிகையில் வாராவாரம் தொழுவங்களின் படங்களைப் போட்டார். நிற்கக்கூட முடியாத மாட்டைக் கயிறு கட்டித் தூக்கி நிறுத்திக் கறக்கும் படமும் அதில் ஒன்று. ஊரே கொதித்தது. நகர சபை விசாரணைக் குழு போட்டது. அந்தக் குழுவில் இருந்தவர்களே தொழுவக்காரர்களுக்குச் சாதகமாகப் பேசினார்கள். கடைசியில் 1862-ல் மாநிலம்தான் சட்டம் போட்டு இந்தப் பாலைத் தடை செய்தது. புத்தகம் வந்து இருபது வருஷம் கழித்து!

இந்த இருபது வருஷத்தில் பாக்டீரியாவால் நோய் வரும் என்று சாதாரண மக்களுக்குத் தெரியாது. அம்மாக்களிடம் இருந்த ஒரே கருவி மூக்கும் நாக்கும்தான். புளித்த வாடை வந்தால் கொட்டிவிடலாம். அந்த ஒரு கருவியையும் அடுத்து வந்தவர்கள் பிடுங்கிக்கொண்டார்கள்.

எப்படி? ஃபார்மலின்.

மீனில் ஃபார்மலின் கலந்திருக்கு என்று நம்மூரில் அவ்வப்போது செய்தி வரும் இல்லையா? அதே சரக்குதான். நாங்கள் முதலாமாண்டு உடற்கூறியல் வகுப்பில் கண் எரிய எரிய மோந்தது. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்கப் பால் வியாபாரிகள் இதைப் பாலில் கலந்தார்கள். 'ஃப்ரீசின்' மாதிரியான பெயர்களில் பாட்டிலில் விற்றது. ஐஸ் வேண்டாம், இதில் சில சொட்டு விட்டால் போதும், பால் புளிக்காது. வெயிலில் இரண்டு நாள் கிடந்த பாலும் மோந்து பார்த்தால் கறந்த பால் மாதிரி இருக்கும். ஃபார்மால்டிஹைடுக்கு லேசான இனிப்புச் சுவை வேறு. கெட்டுப்போக ஆரம்பித்த பாலின் ருசியை அது மூடிவிட்டது.

இந்தியானா மாநிலத்தின் சுகாதார அதிகாரி ஜான் ஹர்ட்டி இதை விடாமல் எதிர்த்தார். 1899-ல் அந்த மாநிலம் தடைச் சட்டம் கொண்டுவந்தது. நாடு முழுமைக்குமான உணவுக் கலப்படச் சட்டம் 1906-ல்தான் வந்தது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிங்க. புளிப்பு என்பது பாலுக்கு இயற்கை கொடுத்த எச்சரிக்கை மணி. வெப்பத்தில் நேரம் ஆக ஆக, லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் பெருகி, பாலைப் புளிக்க வைக்கும். அந்த பாக்டீரியாக்கள் நமக்கு எதிரிகள் இல்லை, தயிரும் மோரும் அவை போட்ட பிச்சை. "இந்தப் பால் ரொம்ப நேரம் சூட்டில் கிடந்தது" என்று அவை தகவல் சொல்லும், அவ்வளவுதான்.

ஆளைக் கொல்கிற கிருமிகளோ எந்தத் தகவலும் சொல்வதில்லை. டைபாய்டு கிருமி, காசநோய்க் கிருமி, தொண்டை அடைப்பானை உண்டாக்கும் டிப்தீரியா கிருமி, இவை எல்லாம் பாலில் இருந்தால் வாடை வராது, நிறம் மாறாது, திரியாது. அப்போதுதான் கறந்த, நுரை அடங்காத பாலிலும் இருக்கும். மூக்கு கண்டுபிடிப்பது ஒன்று, கொல்வது இன்னொன்று.

இது புரிந்தது மெதுவாகத்தான். லூயி பாஸ்டர் 1860-களில் வைன் கெட்டுப்போகாமல் இருக்க மிதமான சூடு காட்டும் முறையைச் சொன்னார். அவருடைய கவலை வைன். குழந்தைகளுக்கான பாலைச் சூடுபடுத்திக் கிருமி நீக்கலாம் என்று 1886-ல் சொன்னவர் ஃபிரான்ஸ் ஃபான் சாக்ஸ்லெட் என்ற ஜெர்மன் வேதியியலாளர். கெமிஸ்ட்ரி லேபில் 'சாக்ஸ்லெட்' என்ற கண்ணாடிக் கருவியைப் பார்த்திருப்பீங்க. அதே ஆள்தான்.

நியூயார்க்கில் இதைத் தெருவுக்குக் கொண்டுவந்தவர் டாக்டர் இல்லை, ஒரு கடை முதலாளி. மேசீஸ் கடையின் பங்குதாரர்களில் ஒருவரான நாதன் ஸ்ட்ராஸ். 1893-ல் ஏழைகள் வசிக்கும் பகுதியில் பால் நிலையம் திறந்து, பாஸ்டுரைஸ் செய்த பாலைக் குறைந்த விலைக்குக் கொடுத்தார். அதற்கும் வழி இல்லாதவர்களுக்கு இலவசமாகவே கொடுத்தார். பிறகு ராண்டால்ஸ் தீவில் இருந்த நகரத்தின் அனாதைக் குழந்தைகள் இல்லத்துக்கு ஒரு பாஸ்டுரைஸ் இயந்திரத்தையே வாங்கி வைத்தார்.

அந்த இல்லத்தில் 1897-ல் 100 குழந்தைகளுக்கு 44 பேர் இறந்துகொண்டிருந்தார்கள். அடுத்த வருஷம் அது சுமார் 20 ஆனது. இது ஸ்ட்ராஸ் தரப்பு வெளியிட்ட கணக்கு. குழந்தைகளின் மற்ற சாப்பாடும் கவனிப்பும் அப்படியேதான் இருந்தது, பால் மட்டும்தான் மாறியது என்று அவர்கள் சொன்னார்கள். 100-க்கு 20 என்பதே இன்றைக்கு நினைத்தால் பதறுகிறது. அன்றைக்கு அது வெற்றி.

எல்லோரும் கைதட்டி ஏற்றுக்கொண்டார்களா? இல்லீங்க. எதிர்த்தவர்களில் டாக்டர்களே நிறையப் பேர். அவர்களை முட்டாள்கள் என்று தள்ளிவிட முடியாது. "சூடு காட்டினால் போதும் என்று விட்டுவிட்டால், தொழுவத்தை எவன் சுத்தம் செய்வான்? சாணியோடு கறந்து, கொதிக்க வைத்து விற்பான்" என்றார்கள். ஹென்றி காய்ட் என்ற குழந்தை மருத்துவர் நியூ ஜெர்சியில் 1893-ல் வேறு வழியைக் காட்டினார்: மாட்டையும் கறப்பவரையும் மருத்துவர் குழு பரிசோதித்துச் சான்று கொடுக்கும் பச்சைப் பால். நல்ல பால்தான். ஆனால் விலை அதிகம். பணக்கார வீட்டுக் குழந்தைக்கு மட்டும் எட்டும் பால்.

இன்னொரு எதிர்ப்பிலும் உண்மை இருந்தது. சூடு காட்டிய பாலை மட்டுமே குடித்த குழந்தைகளில் சிலருக்கு ஸ்கர்வி வந்தது. ஈறில் ரத்தம், கால் வலி, தொட்டாலே அழுகை. சூட்டில் வைட்டமின் சி போய்விடுகிறது. வைட்டமின் என்ற சொல்லே அப்போதுதான் பிறந்து கொண்டிருந்தது. நியூயார்க்கில் குழந்தைகள் இல்லத்தில் வேலை பார்த்த ஆல்ஃபிரட் ஹெஸ் என்ற மருத்துவர் 1914 வாக்கில் இதை ஆராய்ந்து எழுதினார். தீர்வு என்ன தெரியுமா? கொஞ்சம் ஆரஞ்சுச் சாறு. பாலைப் பச்சையாகக் கொடுக்கத் தேவையில்லை.

இதற்கு நடுவில் இன்னொரு பெரிய மனிதர் குழப்பினார். காசநோய்க் கிருமியை 1882-ல் கண்டுபிடித்த அதே ராபர்ட் காக். 1901-ல் லண்டன் மாநாட்டில், மாட்டுக் காசநோய் மனிதனுக்கு வருவது ரொம்ப அரிது, அதற்காகத் தனி நடவடிக்கை தேவையில்லை என்று பேசிவிட்டார். சொன்னவர் காக் என்பதால் யாராலும் லேசில் மறுக்க முடியவில்லை. பிரிட்டன் ஒரு ராயல் கமிஷன் போட்டு, பத்து வருஷம் ஆராய்ந்து, 1911-ல் இறுதி அறிக்கை கொடுத்தது. மாட்டுக் காசநோய் பால் வழியாக மனிதருக்கு, குறிப்பாகக் குழந்தைகளுக்கு, வருகிறது என்று. கழுத்தில் நெறி கட்டி, குடலில் பரவும் காசநோயில் கணிசமானது அந்த வழியில் வந்தது. எவ்வளவு பெரிய நிபுணர் சொன்னாலும் கேள்வி கேளுங்க, என்னையும் சேர்த்துத்தான்.

1908-ல் சிகாகோ, பாஸ்டுரைஸ் செய்வதைச் சட்டமாக்கிய முதல் அமெரிக்கப் பெருநகரம் ஆனது. காசநோய் இல்லை என்று பரிசோதித்த மாடுகளின் பாலுக்கு மட்டும் விலக்கு. மில்டன் ரோசனோ என்ற மருத்துவ அறிஞர் 60 டிகிரி செல்சியஸில் 20 நிமிடம் வைத்தாலே முக்கியமான நோய்க் கிருமிகள் செத்துவிடும், பாலின் ருசியும் பெரிதாக மாறாது என்று காட்டினார். பின்னாளில் 63 டிகிரியில் 30 நிமிடம், அல்லது 72 டிகிரியில் 15 விநாடி என்று தரம் நிலைத்தது. உங்க வீட்டு பாக்கெட் பாலும் இந்த வழியில் வந்ததுதான்.

ஆலிஸ் இவான்ஸைப் பற்றி ஒரு வரியாவது சொல்லணும். அமெரிக்க வேளாண் துறையில் வேலை பார்த்த பாக்டீரியா ஆய்வாளர். மாடுகளுக்குக் கன்று கலைய வைக்கும் கிருமியும், மனிதருக்கு மாதக்கணக்கில் வந்து வந்து போகும் காய்ச்சலைக் கொடுக்கும் கிருமியும் நெருங்கிய உறவு, பச்சைப் பாலில் ஆபத்து என்று 1918-ல் எழுதினார். டாக்டர் பட்டம் இல்லாத ஒரு பெண் சொன்னதைப் பெரிய அறிஞர்கள் வருஷக்கணக்கில் நம்பவில்லை. 1922-ல் ஆய்வின்போது அவருக்கே அந்தக் காய்ச்சல் தொற்றி, பல ஆண்டுகள் படுத்தியது. அதுதான் புரூசெல்லோசிஸ். காய்ச்சும் வழக்கம் நம் வீடுகளில் இருப்பதால் நாம் பெரும்பாலும் தப்பிக்கிறோம். "பச்சைப் பாலில்தான் சத்து" என்று இப்போது ஒரு கூட்டம் கிளம்பியிருக்கு. அவர்களுக்கு மேலே உள்ள ஐம்பது வருஷக் கதையைப் படிக்கக் கொடுங்க.

சரி, இதுவரைக்கும் தேதி எங்கேயுமே வரலையே என்று பார்க்கிறீங்களா? அதைத்தான் சொல்ல வந்தேன். பாலில் குழந்தைகள் சாவதைத் தடுத்தது தேதி கிடையாது. சூடு, ஐஸ், மாட்டுப் பரிசோதனை, சட்டம், இவைதான் தடுத்தன. தேதி வந்தது வேறு வாசல் வழியாக.

பாட்டில் பால் காலத்தில் சில ஊர்களில் அட்டை மூடியில் கிழமை அச்சடிப்பார்கள். திங்கள், செவ்வாய் என்று. தினமும் வீட்டு வாசலுக்குப் பால் வந்தவரை அதுவே போதுமாக இருந்தது.

இந்த இடத்தில் இணையத்தில் ஒரு கதை சுற்றும். சிகாகோ தாதா அல் கபோன்தான் பாலுக்குத் தேதி போட வைத்தார், அவர் குடும்பத்தில் யாரோ கெட்ட பால் குடித்து உடம்புக்கு முடியாமல் போனதால், என்று. கேட்க ஜோரா இருக்கும். உறுதியான ஆதாரம் கிடையாது. கபோன் 1931 அக்டோபரில் வரி ஏய்ப்பு வழக்கில் தண்டிக்கப்பட்டு, 1932 மே மாதம் சிறைக்குப் போய்விட்டார். பால் வியாபாரத்தில் அவருடைய ஆட்கள் மூக்கை நுழைத்ததாகப் பேசப்பட்டது உண்மை. அதிலிருந்து தேதி வரைக்கும் கதையை யாரோ இழுத்திருக்கிறார்கள். வாட்ஸ்அப்பில் வந்தால் ஃபார்வர்டு பண்ணாதீங்க.

நிஜமான மாற்றம், சூப்பர் மார்க்கெட்டும் ஃபிரிட்ஜும் வந்தபிறகு. பால்காரரை முகம் பார்த்து நம்பிய காலம் போய், எங்கோ பேக் செய்து எப்போதோ வந்த பெட்டியை அலமாரியிலிருந்து எடுக்கும் காலம் வந்தது. கம்பெனிகள் தேதியைக் குறித்துத்தான் வைத்திருந்தன. ஆனால் எழுத்தும் எண்ணும் கலந்த ரகசியக் குறியீட்டில். கடைக்காரருக்குப் புரியும், எந்தப் பெட்டியை முன்னால் அடுக்குவது என்று. வாங்குகிறவருக்குப் புரியாது.

1970-களில் அமெரிக்க நுகர்வோர் இதை எதிர்த்துக் கிளம்பினார்கள். நியூயார்க் மாநில நுகர்வோர் பாதுகாப்பு வாரியம் 1977-ல், கம்பெனிகளின் ரகசியக் குறியீடுகளை எப்படிப் படிப்பது என்று ஒரு கையேடே வெளியிட்டது. ஆயிரக்கணக்கானவர்கள் கேட்டு வாங்கினார்கள். அதே 1970-களில் கடைகளே முந்திக்கொண்டு, எல்லோருக்கும் புரிகிற தேதியைப் போட ஆரம்பித்தன. பிரிட்டனில் மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் கடை 1970-களின் தொடக்கத்திலேயே, அதுவரை கிடங்குக்குள் வைத்திருந்த தேதி வழக்கத்தை வெளியே அலமாரிக்குக் கொண்டு வந்து, அதையே விளம்பரமாகவும் ஆக்கியது.

ஆக, அந்தத் தேதி பிறந்தது நம்பிக்கைக்காக. "பழைய சரக்கை உங்க தலையில் கட்டவில்லை" என்று கடை கொடுக்கும் வாக்கு அது. அமெரிக்காவில் கைக்குழந்தைகளுக்கான பால் பவுடரைத் தவிர வேறு உணவுக்குத் தேதி போடச் சொல்லி இன்றுவரை மத்தியச் சட்டமே இல்லை. ஒவ்வொரு மாநிலமும் ஒவ்வொரு விதி. அதனால்தான் ஆற்றின் இரு கரையில் இரண்டு தேதி.

பிரிட்டனில் இரண்டு வகையாகப் பிரித்திருக்கிறார்கள். 'யூஸ் பை' என்றால் பாதுகாப்புச் சமாச்சாரம், தாண்டக்கூடாது. 'பெஸ்ட் பிஃபோர்' என்றால் ருசி, தரம். 2022 ஜனவரியில் மாரிசன்ஸ் என்ற பெரிய கடைச் சங்கிலி, தன்னுடைய சொந்தப் பெயரில் விற்கும் பாலில் 90 சதவீதத்துக்கு 'யூஸ் பை'-யை எடுத்துவிட்டு 'பெஸ்ட் பிஃபோர்' போட்டது. மோந்து பார்த்துக் குடிங்க என்று வாடிக்கையாளரிடமே சொல்லிவிட்டது. நல்ல பாலைச் சாக்கடையில் கொட்டுவதைக் குறைக்க. கலிஃபோர்னியாவில் 2024-ல் ஒரு சட்டம் கையெழுத்தானது. 2026 ஜூலையிலிருந்து வாங்குகிறவர் கண்ணில் படும்படி 'செல் பை' என்று போடவே கூடாது. நூற்றைம்பது வருஷம் சுற்றிவிட்டு மூக்குக்கே வந்து நிற்கிறார்கள்!

நம் நாட்டில் 2020-ன் லேபிள் விதிகளின்படி, தயாரித்த அல்லது பேக் செய்த தேதியும், 'யூஸ் பை' அல்லது 'எக்ஸ்பயரி' தேதியும் கட்டாயம். 'பெஸ்ட் பிஃபோர்' விருப்பத்துக்கு.

இப்போ மூக்குக்கு வருவோம். மாரிசன்ஸ் சொன்னது நமக்குப் பொருந்துமா?

ஃபிரிட்ஜ் வந்தபிறகு பால் கெடும் விதமே மாறிவிட்டது. உங்க பாட்டி காலத்துப் பால் புளித்தது. பாஸ்டுரைஸ் செய்து குளிரில் வைத்த பாலில் அந்த லாக்டிக் பாக்டீரியாக்கள் பெரும்பாலும் செத்திருக்கும், மிச்சம் இருப்பவையும் குளிரில் மந்தமாகிவிடும். அந்த இடத்தில் குளிரைத் தாங்கும் வேறு பாக்டீரியாக்கள் வளரும். அவை பாலின் கொழுப்பையும் புரதத்தையும் உடைக்கும். அதனால் ஃபிரிட்ஜில் கெட்ட பால் தயிர் மாதிரிப் புளிக்காமல், கசக்கும், காறும், சில சமயம் பழ வாடைகூட அடிக்கும். "புளிக்கலையே, நல்லாத்தானே இருக்கு" என்பது பழைய காலத்து அளவுகோல். கசந்தாலும் கெட்டதுதான்.

நம் சமையலறையில் மூக்கைவிட நல்ல சோதனை ஒன்று இருக்கு. காய்ச்சுவது. பால் குளிரூட்டும் நிலையங்களில் கேன் வந்து இறங்கியதும் சோதனைக் குழாயில் கொஞ்சம் பாலை எடுத்துக் கொதிக்க வைத்துப் பார்ப்பார்கள். திரிந்தால் எடுக்கமாட்டார்கள். இது உலகம் முழுக்க இருக்கும் பால் துறைச் சோதனை. நீங்க தினமும் காலையில் ஆறு மணிக்கு அதைத்தான் செய்றீங்க. நல்ல பாலின் அமில அளவு, பி.எச். கணக்கில், சுமார் 6.7. அது 4.6 வரைக்கும் இறங்கினால் சூடே இல்லாமல் தயிராக உறையும். அவ்வளவு தூரம் இறங்காமல் பாதி வழியில் இருக்கும் பால் பார்வைக்குப் பால் மாதிரியே இருக்கும், ஆனால் சூடு பட்டதும் புரதம் ஒன்றோடொன்று ஒட்டித் திரிந்துவிடும். சூடான டீயில் ஊற்றும்போது திரிவதும் இதே கணக்கு.

காய்ச்சுவதில் இன்னொரு லாபம். அதற்கு இரண்டு கதை சொல்கிறேன். 1983-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 49 பேருக்கு லிஸ்டீரியா தொற்று. அதில் 7 பேர் வயிற்றில் இருந்த அல்லது பிறந்த குழந்தைகள், மற்ற 42 பேர் நோய் எதிர்ப்பு குறைந்த பெரியவர்கள். 14 பேர் இறந்தார்கள். சந்தேகம் போய் நின்றது ஒரு பிராண்டு பாஸ்டுரைஸ் செய்த பாலில். லிஸ்டீரியா ஃபிரிட்ஜிலும் வளரும், வாடை காட்டாது. 1985-ல் சிகாகோ வட்டாரத்தில் பாஸ்டுரைஸ் செய்த பாலில் சால்மொனெல்லா. ஆய்வகத்தில் உறுதியானவர்கள் மட்டும் 16,000-க்கும் மேல். பாஸ்டுரைஸ் செய்வதை முதலில் சட்டமாக்கிய அதே சிகாகோ!

இரண்டிலும் மக்கள் வாங்கியது கடையில் வழக்கம்போல விற்ற, தேதி போட்ட பால். அங்கே பாலைக் காய்ச்சும் வழக்கம் இல்லை, பெட்டியைத் திறந்து அப்படியே குடிப்பார்கள். இந்த இரண்டு கிருமியும் நம் வீட்டு அடுப்பில் ஒரு கொதியைத் தாங்காது. அதனால் பாக்கெட் பாலைக் காய்ச்சத் தேவையில்லை என்று யாராவது சொன்னால், ஏட்டில் அது சரிதான், ஆனால் பூத்திலிருந்து வெயிலில் வண்டியில் தொங்கி வந்த பாக்கெட்டுக்கு நான் காய்ச்சத்தான் சொல்வேன்.

அப்போ காய்ச்சிட்டா போதுமா? அதற்கும் ஒரு கதை இருக்கு. இந்த இழையில் நீங்க ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்வதாக இருந்தால் இதை வைத்துக்கொள்ளுங்க.

2000-ஆம் ஆண்டு ஜூன் கடைசி, ஜப்பான், ஒசாகா. ஸ்னோ பிராண்ட் என்ற அந்த நாட்டின் மிகப் பெரிய பால் கம்பெனிகளில் ஒன்றின் கொழுப்பு குறைந்த பாலைக் குடித்தவர்களுக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு. பாதிக்கப்பட்டவர்கள் 13,000-க்கும் மேல். ஜப்பான்காரர்களின் சுத்தம் உங்களுக்குத் தெரியும். எங்கே தப்பு?

தேடிப் போனபோது, தப்பு ஒசாகாவில் தொடங்கவில்லை. வடக்கே ஹொக்காய்டோவில், தைகி என்ற ஊரிலிருந்த கம்பெனியின் பால் பவுடர் ஆலையில், மார்ச் 31 அன்று சுமார் மூன்று மணி நேரம் கரண்ட் இல்லை. இயந்திரத்துக்குள் பால் வெதுவெதுப்பாக நின்றுவிட்டது. அந்த நேரத்தில் ஸ்டெஃபைலோகாக்கஸ் என்ற பாக்டீரியா பெருகி, ஒரு நச்சைச் சுரந்தது. கரண்ட் வந்ததும் வழக்கம்போலச் சூடு காட்டிப் பவுடர் ஆக்கினார்கள். பாக்டீரியா செத்தது. நச்சு சாகவில்லை. அந்த நச்சு கொதியையும் தாங்கும். பவுடர் மூன்று மாதம் கழித்து ஒசாகாவில் பாலாகி, பெட்டியில் ஏறி, புதுத் தேதி குத்தப்பட்டு வெளியே வந்தது.

ஒசாகாவில் அந்தப் பெட்டியைத் திறந்தவருக்கு எதுவுமே காட்டிக்கொடுத்திருக்காது. தேதி சரி. வாடை சரி. காய்ச்சியிருந்தாலும் திரிந்திருக்காது, நச்சும் போயிருக்காது. நடந்தது மார்ச் மாதத்தில் ஒரு மூன்று மணி நேரம்.

தேதி நாளை எண்ணுகிறது. பாக்டீரியாவோ வெதுவெதுப்பில் கிடந்த மணியை எண்ணுகிறது. பாக்கெட்டில் தேதிக்குப் பக்கத்திலேயே, குளிர்ச்சியில் வைக்கச் சொல்லி, எத்தனை டிகிரிக்குக் கீழே என்றும் போட்டிருப்பார்கள், படிக்கவே கண்ணாடி வேண்டும். அந்த நிபந்தனை உடைந்த நிமிடத்திலிருந்து தேதிக்கு மதிப்பில்லை. இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே கிடந்த பால் என்றால், தேதி நாளைக்கு இருந்தாலும் என் கணக்கில் அது சந்தேகப் பால். மே மாதத்தில் ஒரு மணி நேரமே அதிகம். காய்ச்சிய பாலை மூடி, ஆறியதும் உள்ளே வையுங்க. ராத்திரி கரண்ட் போய் ஃபிரிட்ஜ் பல மணி நேரம் நின்றிருந்தால், காலையில் அந்தப் பாலைப் பிள்ளைக்கு ஆற்றிக் கொடுக்காதீங்க. காய்ச்சித் திரியவில்லை என்பது அங்கே போதுமான சாட்சி இல்லை.

முதல் கேள்விக்குப் பதில் பாக்கி இருக்கு. தேதி நேற்றோடு முடிந்த பாக்கெட். குழந்தை, கர்ப்பிணி, வயதானவர், சர்க்கரை நோயாளி, கீமோ எடுப்பவர், இவர்களுக்குக் கொடுக்காதீங்க. இருபது முப்பது ரூபாய் விஷயத்தில் பரிசோதனை வேண்டாம். நல்ல ஆரோக்கியத்தோடு இருப்பவர், ஃபிரிட்ஜை விட்டு நகராத பிரிக்காத பாக்கெட், உப்பவில்லை, வாடை இல்லை, கசப்பில்லை, காய்ச்சினால் திரியவில்லை என்றால், ஒரு நாள் தாண்டியதால் விஷமாகிவிடாது. ஒரு வயது ஆகாத குழந்தைக்கு எந்தத் தேதி போட்ட பசும்பாலும் முக்கிய உணவு இல்லை, தாய்ப்பால்தான்.

நாளை எண்ணாமல் சூட்டை எண்ணுகிற லேபிள் ஒன்று இருந்தால் எப்படி இருக்கும்? இருக்கு. உங்களில் பலருக்கு ரொம்பப் பக்கத்தில் அது வந்து போயிருக்கு.

போலியோ சொட்டு மருந்துப் புட்டியில் ஒரு சின்ன வட்டம், அதற்குள் வெளிர் நிறச் சதுரம் ஒன்று இருக்கும். சூடு பட்ட நேரம் கூடக்கூட அந்தச் சதுரம் கறுக்கும். சதுரம் வெளி வட்டத்தின் நிறத்துக்கு வந்துவிட்டால், காலாவதித் தேதிக்கு இன்னும் ஒரு வருஷம் இருந்தாலும் நர்ஸ் அந்தப் புட்டியைத் தூக்கிப் போட்டுவிடுவார். 1996-லிருந்து போலியோ மருந்தில் வருகிறது. பெட்டிப் பெட்டியாகச் சாப்பாட்டுச் சரக்கு கெடாமல் போய்ச் சேருகிறதா என்று பார்க்க உருவாக்கிய நிறம் மாறும் குறிகளிலிருந்துதான் அதை எடுத்தார்கள். அடுத்த தடவை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனால் நர்ஸிடம் கேளுங்க, புட்டியைத் திருப்பிக் காட்டுவார்.